மூன்றாம் அடியில் தளை

ஆவணி ஏழாம் நாள் காலை, நாற்பத்தொரு புலவர்கள் முன்னிலையில், மருதக்கோட்டை அரசர் விசயகண்டர் தம் போர் வெற்றியைப் பற்றித் தாமே எழுதிய வெண்பாவை வாசித்தார். நாற்பது பேர் "ஆகா!" என்றார்கள். வெண்காடர் என்பவர் மட்டும், "மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது" என்றார்.

பாட்டில் சீரோடு சீரைச் சேர்க்கும் கட்டுக்குத் தளை என்று பெயர்; அது பிசகினால் தட்டும். கால்விலங்குக்கும் அதே பெயர்தான். பாட்டின் வரியும் அடி, மனிதனின் பாதமும் அடி.

அரசர் முகம் சிவந்தது. "தட்டுகிறதா? எந்த அடியில் தட்டுகிறதோ, அந்த அடியில் தளையைப் பூட்டுங்கள்! இறுக்கமாக!"

சொல்லும்போது அவர் பார்வை வெண்காடரின் கால்மேல் இருந்தது. நல்ல சிலேடை என்று நாற்பது பேரும் அதற்கும் ஓர் "ஆகா!" போட்டார்கள்.

அமைச்சர் கூத்தபிரான் எழுந்தார். "உத்தரவு, அரசே. மூன்று நாழிகை வேண்டும்."

"விலங்கு மாட்டவா?"

"பொருத்தமாக இருக்க வேண்டாமா?"

வெளியே வந்ததும் வெண்காடர் அமைச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னது தப்பா ஐயா?"

"சரியாகச் சொன்னீர். அதனால்தான் வலித்தது. குறை சொன்னால் அது முதலில் கோபத்தின் கதவைத்தான் தட்டும். கோபம் வாசலிலேயே குடியிருக்கிறது. அறிவு கடைசி வீடு. சேதி அங்கே போய்ச்சேர மூன்று நாழிகையாகும். அதற்குள் எங்கே தட்டுகிறது என்று காட்டும்."

வெண்காடர் அமைச்சர் கையிலிருந்த வெண்பா ஏட்டைத் தொட்டார். "'வாளெடுத்தான் விசயகண்டன்.' அரசர் பெயர்தான் ஐயா தட்டுகிறது."

"உமக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?"

உள்ளே அரசர் சாப்பாட்டைத் தொடவில்லை. நாற்பது பாராட்டில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அந்த ஒரு சொல் மட்டும் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மூன்று நாழிகை கழிந்து அமைச்சர் வந்தார்.

"பூட்டியாயிற்றா?"

"ஆயிற்று அரசே. இனி அசையாது."

பின்னாலேயே வெண்காடர் வீசி நடந்து வந்தார்.

"இவர் நடக்கிறாரே!"

"தட்டிய அடியில் பூட்டச் சொன்னீர்கள். தட்டியது மூன்றாம் அடி. மனிதனுக்கு ஏது அரசே மூன்றாம் அடி? பாட்டில்தான் இருந்தது."

அமைச்சர் ஏட்டை நீட்டினார். 'வாளெடுத்தான் நம்வேந்தன்.'

அரசர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மறுமுறை உரக்கச் சொன்னார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இதையேதான் இவரும் சொன்னார். அப்போது மட்டும் ஏன் எரிந்தது?"

"அப்போது கோபம் கேட்டது அரசே. இப்போதுதான் தாங்கள் கேட்கிறீர்கள்."

வெண்காடருக்குச் சால்வை கிடைத்தது. அமைச்சருக்கு மோதிரம்.

தை ஐந்தாம் நாள் அந்த வெண்பா கோட்டை வாசலில் கல்லில் வெட்டப்பட்டது. எந்த வேந்தன் என்று அதில் இல்லை.