வேலியில் இருந்த குண்டுமணி

“தாயே, வேலியில படர்ந்திருக்கிற குண்டுமணிக் கொடியை வெட்டிரலாமா?”

கேட்டவர் ஆவுடையப்பன். மடத்துத் தோட்டம் அவர் பொறுப்பு. வயது அறுபத்திரண்டு. குருவான வடிவம்மை அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவர். இருந்தாலும் அவருக்குத் தாய்தான்.

“அது உங்களை என்ன செஞ்சுது ஐயா?”

“பேத்தி வர்றா. அஞ்சு வயசு. அந்த மணி செவப்பும் கறுப்புமா பளபளன்னு இருக்கு, பார்த்தா வாயில போடத்தான் தோணும். மென்னு முழுங்கினா உசிருக்கே ஆபத்து. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில மருந்து கொடுத்தவன், எனக்குத் தெரியாதா?”

மனிதர் சும்மா சொல்லவில்லை. வீட்டை விட்டு மடத்துக்கு வந்த நாளிலிருந்து மகள் அவரோடு பேசவில்லை. நாலு வருஷம் கழித்து இப்போதுதான் மனசு இறங்கி, பிள்ளையை ஒரு வாரம் அனுப்புகிறாள். பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் அதோடு சரி. ஜென்மத்துக்கும் பேத்தி முகத்தைப் பார்க்க முடியாது.

“சதுர்த்திக்குப் பிள்ளையாருக்குக் கண் வைக்கணுமே?”

“கடையில வாங்கிக்கலாம் தாயே.”

“அப்ப வெட்டுங்க.”

இவ்வளவு சுலபமாகச் சம்மதம் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பங்குனி வெயிலில் காய்கள் எல்லாம் காய்ந்து வாய் பிளந்திருந்தன. ஆவுடையப்பன் கொடியை அடியோடு வெட்டினார். கயிற்றில் கட்டினார். முற்றம் வழியாக, அடுப்படி வாசல் வழியாக, கிணற்றடி வழியாக இழுத்துக்கொண்டுபோய்க் குப்பைக் குழியில் போட்டுக் கொளுத்தினார்.

வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

“ஒழிச்சுட்டேன் தாயே.”

அம்மை எழுந்து வெளியே வந்தார். கொடியை இழுத்த தடத்திலேயே நடந்தார். குனிந்து ஒரு குண்டுமணி எடுத்தார். நாலடி நடந்து இன்னும் இரண்டு. கிணற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் உள்ளங்கை நிறைந்துவிட்டது. அத்தனையையும் ஆவுடையப்பன் கையில் கொட்டினார்.

“இவ்வளவுதானா?” என்றார் ஆவுடையப்பன்.

“என் கண்ணுல பட்டது இவ்வளவு.”

அம்மை உள்ளே போய்விட்டார்.

அடுத்த மூன்று நாளும் ஆவுடையப்பனுக்கு ஒரே வேலை. கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை, தரையில் முட்டி. மணிகளில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விட்டது. சமையல்காரர் சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“சாமி, இதுக்கு அங்கப்பிரதட்சணமே பண்ணியிருக்கலாம்.”

அவர் அடுத்த மணியைத் தேடி நகர்ந்தார். பயந்துபோயிருந்தார்.

நாலாம் நாள் காலை பேத்தி நிறைமதி வந்து இறங்கினாள். தாத்தா முற்றத்தில் தவழ்ந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சிரட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“என்ன தாத்தா ஒளிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ஐயா, காட்டுங்க,” என்றார் வாசலில் நின்ற வடிவம்மை.

“தாயே, சின்னப் பிள்ளை…”

“காட்டுங்க.”

காட்டினார். நிறைமதியின் கை தானாக நீண்டது. ஆவுடையப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தொடக் கூடாது. இது விஷம். கடிச்சு முழுங்கினா செத்துப்போயிருவோம். நீ, நான், யாரா இருந்தாலும்.”

அவளிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. அழுவாள் என்று நினைத்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“இதை யாரு இங்க கொட்டினா?”

“நான்தான்.”

“தெரியாமலா?”

“தெரிஞ்சவன்னு நினைச்சுக்கிட்டு.”

சாயங்காலம் அவர் கிணற்றடியில் தேடிக்கொண்டிருந்தார். நிறைமதி வந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

“தாத்தா.”

“என்னம்மா?”

“அடுப்படி வாசப்படி இடுக்குல மூணு கிடக்கு. நான் தொடல. நீங்க வந்து எடுங்க.”

அந்த வாசற்படியை அவர் நாலு தடவை தேடி முடித்திருந்தார்.