பிடுங்காத ஒயர்

கத்துகிறவனைக் கத்தவிட்டு, பிறகு ஒன்றே ஒன்று கேள் என்றோ என்னவோ எங்கள் மாமா சொல்வார், பாதிதான் நினைவிருக்கிறது.

கோயில் கொடைத் திருவிழாவில் கச்சேரி தொடங்கவில்லை, கூட்டம் விசிலடித்தது. மேடையில் தங்கப்பழம் மாஸ்டரின் மின்கிடார் ஊமையாகக் கிடந்தது.

"உன் ஒயர்தான் கோளாறு!" என்று மைக்செட் போட வந்த செல்லக்கனி மீது மாஸ்டர் பாய்ந்தார்.

அவள் அதே ஒயரைக் கீபோர்டில் செருகினாள். கணீரென்று கேட்டது.

"அப்போ என் கிடாரைத் தொடாமலே சரிபண்ணு. வெளிநாட்டுச் சாமான். முடியலைன்னா நாளைக்கு வேற மைக்செட்!"

தர்மகர்த்தாவும் தலையாட்டினார். இன்னும் இரண்டு நாள் கொடை பாக்கி இருந்தது.

"அண்ணாச்சி, வீட்டுல வாசிச்சு முடிச்சதும் கிடார்லருந்து ஒயரைப் பிடுங்குவீங்களா?"

"நானா? கலைஞன் கருவி எப்பவும் தயாரா இருக்கணும்! ஒரு வாரமா வீட்டுல செருகினபடியே நின்னுச்சு."

"ஒயர் செருகியிருந்தா இந்த மாதிரி கிடாருக்கு உள்ளே இருக்கிற பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கும், அண்ணாச்சி. ஒரு வாரமா ஓடிச் செத்திருக்கும்."

கரன்ட் பார்க்கும் தன் மீட்டரிலிருந்த சதுர பேட்டரியைக் கழற்றி நீட்டினாள். "நான் தொடமாட்டேன். நீங்களே மாட்டுங்க."

மாஸ்டர் மாட்டினார். கிடார் அலறியது. கூட்டம் சிரித்தது, மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

மீதி இரண்டு நாளும் செல்லக்கனியே மைக்செட் போடட்டும் என்று தர்மகர்த்தா முடிவு செய்தார்.