டிரில் மெஷின் மேல் போட்ட பழி

திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் ஞாயிறுதோறும் ஒரு வகுப்பு நடந்தது. தங்கள் வீட்டில் தாங்களே அலமாரி மாட்டவும், குழாய் மாற்றவும், கதவுக்குக் கீல் போடவும் கற்றுக்கொள்ள விரும்பியவர்கள் அங்கே வந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் ஜெசிந்தா. வயது நாற்பத்திரண்டு. பதினேழு வருஷம் இரும்புச் சாமான் செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை பார்த்தவர். அதிகம் பேச மாட்டார். எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள்.

அந்த வகுப்பில் வயதில் மூத்தவர் குலசேகரன். கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தொரு வயதில், தன்னைவிட மிகவும் சின்னவரிடம் பாடம் கேட்பதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

வேலையில் அவர் சுமார்தான். ஆனால் கருவி பார்த்து வாங்குவதில் கெட்டிக்காரர். கடையில் ஒரு டிரில் மெஷினைக் கையில் எடுத்தால் முதலில் எடை பார்ப்பார். சும்மா ஓடவிட்டுக் காதைக் கிட்டே வைத்துச் சத்தம் கேட்பார். துளை போடும் பிட்டை மாட்டி, அதன் முனை ஆடாமல் சுற்றுகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். காற்று வரும் துளையில் மூக்கை வைத்துக் கருகல் வாடை வருகிறதா என்று பார்ப்பார். வயரை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்ப்பார்.

வகுப்பில் யார் எது வாங்கினாலும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்கள். எல்லோரையும் அவர் நைனா முகமது கடைக்கு அனுப்பினார். பெரிய கடைவீதியை ஒட்டிய சந்தில் இருந்த சின்னக் கடை அது.

அவர் மனைவி வேதவல்லிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. குளியலறையில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு கைப்பிடிக் கம்பி தேவைப்பட்டது.

"ஆளைக் கூப்பிடலாமே" என்றார் வேதவல்லி.

"எதுக்கு? நானே போடறேன்."

நைனா முகமது கடையில் ஆறு மெஷின்களைப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்தார்.

சுவரில் நான்கு ஓட்டைகள் போட வேண்டியிருந்தது. மேலே இரண்டும் நன்றாக விழுந்தன. கீழே போடும்போது பிட் பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. எப்போதோ பழைய பைப்பை எடுத்துவிட்டு மேலோடு பூசிய இடம் அது. பக்கத்து ஓட்டையும் அப்படியே ஆனது. திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக்கை ஓட்டைக்குள் செருகித் திருகைப் போட்டு முறுக்கினார். திருகு பிடிக்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது.

கம்பியை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கலாம். ஆனால் புது டைல்ஸில் ஏற்கெனவே போட்ட நான்கு ஓட்டைகளும் அப்படியே தெரியும். டீச்சருக்கு போன் செய்து கேட்டிருக்கலாம். ஆனால் இதுகூடத் தெரியவில்லையா என்று நினைத்துவிடுவாரோ என்றிருந்தது.

அடுப்படியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்தார். குச்சிகளை ஒடித்து ஓட்டைகளில் அடைத்தார். மேலே ஒயிட் சிமெண்டைக் குழைத்துப் பூசித் திருகை ஏற்றினார். திருகு நின்றது. அதை மறைக்கும் ஸ்டீல் மூடியை மாட்டித் துணியால் துடைத்தார்.

"ஆச்சா?" என்றார் வேதவல்லி.

"ஆச்சு. கெட்டியா இருக்கு."

ஐந்தாம் நாள் காலையில், பிடித்து எழும்போது கம்பியின் கீழ்ப்பக்கம் பிடுங்கிக்கொண்டு வந்தது. வேதவல்லி வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான்.

"எப்படிப்பா கழண்டுச்சு?"

குலசேகரன் போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு சொன்னார். "மெஷின் சரியில்லப்பா. பிட் ஆடியிருக்கு. அதனால ஓட்டை பெருசா விழுந்திருக்கு."

சொல்லி முடித்ததும் மூச்சு கொஞ்சம் லேசானது. அதையே வகுப்பின் வாட்ஸப் குழுவிலும் எழுதினார். யாரும் அந்த மெஷினை வாங்க வேண்டாம் என்றும் சேர்த்து எழுதினார்.

அவர் சொன்னால் அதற்கு மதிப்பு இருந்தது. மூன்று பேர் தங்கள் மெஷின்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். வகுப்பில் ஒருவர் தன் அபார்ட்மெண்ட் சங்கத்துக்காக நைனா முகமதுவிடம் சொல்லிவைத்திருந்த சாமான்கள் எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குலசேகரனும் தன் மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனார். நைனா முகமது அதை வாங்கி மேஜைக்குக் கீழே வைத்தார். என்ன குறை என்று கேட்கவில்லை.

"அம்மாவுக்கு இப்ப எப்படி சார் இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு குலசேகரன் வேகமாக வெளியே வந்தார்.

வீட்டில் வேதவல்லியால் ஒரு கையால் தலை பின்ன முடியவில்லை. குலசேகரன் பின்னிவிட்டார். அவர் பின்னிய பின்னல் மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும். வேதவல்லி மறுபடி முதுகைக் காட்டி உட்காருவார்.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிகிற நேரம். குலசேகரன் எல்லோர் முன்னாலும் எழுந்து கேட்டார்.

"டீச்சர், கெட்ட மெஷினைக் கடையிலேயே எப்படிக் கண்டுபிடிக்கறது? எனக்கே தப்பிப் போயிடுச்சே."

ஜெசிந்தா அவரைப் பார்த்தார்.

"நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன், சார்."

மறுநாள் வந்தார். கையில் ஒரு பெட்டி. திறந்தார். குலசேகரன் திருப்பிக் கொடுத்த அதே மெஷின்.

"நைனா பாய்கிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றார்.

குளியலறையில் கம்பி மேல் பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு கோணலாகத் தொங்கியது. வேதவல்லி கையில் மாவுக்கட்டோடு கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

ஜெசிந்தா சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். சத்தம் கெட்டியாகக் கேட்ட ஓரிடத்தில் நின்றார்.

"இங்க ஒரு ஓட்டை போடுங்க, சார்."

குலசேகரன் போட்டார். மெஷின் ஒரே சீராகச் சத்தம் போட்டது. ஜெசிந்தா ஒரு பிளக்கை அவரிடம் கொடுத்தார். அதை விரலால் தள்ளினார் குலசேகரன். போகவில்லை. ஓட்டை அவ்வளவு அளவாக விழுந்திருந்தது; சுத்தியலால் தட்டித்தான் உள்ளே ஏற்ற வேண்டியிருந்தது.

"பிட் ஆடிச்சா?"

"இல்ல."

"சரி."

ஜெசிந்தா குந்தி உட்கார்ந்து, கீழே இருந்த பழைய ஓட்டைக்குள் ஒரு மெல்லிய கம்பிக் கொக்கியை விட்டார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. பிறகு ஒடிந்த தீக்குச்சி ஒன்று வந்தது. அதை எடுத்துக் கவிழ்த்திருந்த வாளியின் மேல் வைத்தார். இன்னொன்று வந்தது. அதையும் வைத்தார். இரண்டு ஓட்டைகளிலும் இருந்த எல்லாம் வெளியே வரும்வரை அதையே செய்தார்.

அவர் ஏதாவது கேட்டால் நன்றாயிருக்கும் என்று குலசேகரனுக்குத் தோன்றியது. திட்டினாலும் நன்றாயிருக்கும். கதவுப் பக்கம் திரும்ப முடியவில்லை.

பேசியது வேதவல்லி.

"நீங்க குச்சி ஒடிச்சதை நான் பார்த்தேன்."

குலசேகரன் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "பார்த்தியா?"

"பார்த்தேன். தீப்பெட்டியைக் காணோமேன்னு தேடிட்டு வந்தேன்."

"அப்புறம் ஏன் அதைப் பிடிச்சே?"

"கெட்டியா இருக்குன்னு சொன்னீங்களே."

குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் வாளியின் முதுகில் விழுந்தது. குலசேகரன் அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைந்தது. எழுந்திருக்கவில்லை.

"இப்ப நான் என்ன பண்ணணும், டீச்சர்?" என்றார்.

"கம்பியை மாட்டுங்க" என்றார் ஜெசிந்தா.

மாட்டினார். சுவர் கெட்டியாக இருந்த இடமாகப் பார்த்து மற்ற மூன்று ஓட்டைகளையும் போட்டார். ஒவ்வொரு பிளக்கையும் தட்டி ஏற்றினார். ஒவ்வொரு திருகும் முறுக்க முறுக்கக் கையில் இறுகுவதை உணர்ந்தார். பழைய ஓட்டைகள் நான்கும் டைல்ஸில் கறுப்பாகத் தெரிந்தன. அவற்றை மூடவில்லை.

ஸ்டீல் மூடிகளை மாட்டப் போனவர் நிறுத்தினார். கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்து, கால்களைத் தூக்கி, முழு எடையையும் அதில் போட்டுத் தொங்கினார். அறுபத்தொரு வயது மனிதர் நனைந்த வேட்டியோடு அப்படித் தொங்குவதைப் பார்த்து வேதவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பி அசையவில்லை.

"இப்ப பிடிச்சுப் பாரு" என்றார்.

வேதவல்லி எழுந்து வந்தார். இடது கை விரல்களால் கம்பியை லேசாகத் தொட்டார். இழுத்துப் பார்க்கவில்லை.

"நாளைக்குப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கூடத்தில் உட்கார்ந்து குலசேகரன் போனை எடுத்தார். ஏதோ எழுதினார். அழித்தார். மறுபடி எழுதி ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

அவர் வாசித்தார். 'மெஷினில் குறை எதுவும் இல்லை என்று தெரியவந்துள்ளது. பயன்படுத்தியதில் தவறு நேர்ந்துவிட்டது.'

"யார் பயன்படுத்தினாங்க?"

குலசேகரன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இந்த முறை வெகுநேரம் எழுதினார். சுவர் உள்ளே பொத்தலாக இருந்தது, திருகு பிடிக்கவில்லை என்று தெரிந்தே தீக்குச்சியை அடைத்தேன், பிறகு மெஷின் மேல் பழி போட்டேன், நைனா முகமது மேல் எந்தத் தப்பும் இல்லை என்று எழுதினார். ஜெசிந்தாவிடம் காட்டவில்லை. அனுப்பினார். மகனுக்கும் அதையே அனுப்பினார்.

குழுவில் எல்லோரும் வாசித்துவிட்டதாகப் போன் காட்டியது. ஒருவரும் பதில் எழுதவில்லை. மகன் மட்டும், 'அம்மாகிட்ட போனைக் குடுங்க' என்று அனுப்பியிருந்தான்.

மறுநாள் குலசேகரன் நைனா முகமது கடைக்குப் போனார். சந்து முனையில் இரண்டு தடவை நின்றார். கடையில் கூட்டம் குறையட்டும் என்று எதிர்ப்பக்கம் காத்திருந்தார். குறையவில்லை. ஜெசிந்தாவும் அங்கே இருந்தார். கொட்டகைக்கு வேண்டிய பிட்டுகளை ஓரமாக நின்று பொறுக்கிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பெயிண்டர். மற்றவர் பள்ளிக்கூட வேன் ஓட்டும் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண்.

குலசேகரன் உள்ளே போய் மேஜை முன்னால் நின்றார். நடந்ததை அவர்கள் எதிரிலேயே சொன்னார். குரல் தாழும்போதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்கும்படி சொன்னார். தீக்குச்சி என்று சொல்லும்போது பெயிண்டர் திரும்பிப் பார்த்தார்.

நைனா முகமது கேட்டுக்கொண்டே ஒரு பொட்டலத்துக்கு நூல் சுற்றினார். சுற்றி முடித்துத்தான் பேசினார்.

"அபார்ட்மெண்ட்காரங்க வேற கடைக்குப் போயிட்டாங்க, சார். இனிமே வர மாட்டாங்க."

"நான் போய் அவங்ககிட்டப் பேசறேன்."

"பேசுங்க. ஆனா வர மாட்டாங்க." பொட்டலத்தைப் பெயிண்டரிடம் கொடுத்தார். "உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு, சார். இல்லன்னு சொன்னா பொய். போகப் போகக் குறையும்."

குலசேகரன் தலையசைத்தார். கிளம்ப வேண்டும் என்று நினைத்தார். ஆனாலும் மேஜை முன்னாலேயே நின்றார்.

வேன் ஓட்டும் பெண் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நைனா முகமதுவிடம், "அந்த மெஷினைக் கொஞ்சம் காட்டுங்க பாய்" என்றார். நைனா முகமது மேல் தட்டிலிருந்து புதுப் பெட்டி ஒன்றை எடுத்து, மெஷினை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அந்தப் பெண் குலசேகரன் பக்கம் திரும்பினார்.

"சார், இது எப்படி? வீட்டு வேலைக்கு வாங்கலாமா?"

குலசேகரன் ஒரு அடி பின்னால் போனார்.

"என்னைக் கேக்காதீங்கம்மா. இதே மெஷினைப் பத்திப் பொய் சொன்னவன் நான். கருவியைப் பத்தி வாய் திறக்கற யோக்கியதை எனக்கு இல்ல."

அந்தப் பெண் மெஷினையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜெசிந்தா ஒரு பிட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"அவங்க கேட்டது மெஷினைப் பத்தி, சார். உங்களைப் பத்தி இல்ல."