மூன்று திரியோடு நின்ற மருந்து

அந்தக் காலத்தில் பூஞ்சைக்கு வாய் இருந்தது. பாசிக்கும் இருந்தது, மருந்துக்கும் இருந்தது. கண்ணுக்கே தெரியாத உசுருகள்கூட ஒன்றை ஒன்று கூப்பிட்டுப் பேசிக்கொள்ளும்.

அப்போது பெண்ணுறுப்புக்குள்ளே இரண்டு கூட்டம் குடியிருந்தது. இதைச் சொல்ல நாக்குக் கூச வேண்டியதில்லை, எல்லாரும் வந்த வழிதானே. ஒரு கூட்டம் தயிர்க்காரிகள். பாலை உறைய வைக்கிறவர்களுக்குச் சொந்தக்காரிகள். உள்ளே லேசாகப் புளிப்புக் காய்ச்சி வைத்துக்கொண்டு காவல் இருப்பார்கள். இன்னொரு கூட்டம் வெண்பூஞ்சை. உருண்டை உருண்டையாய், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், சும்மா மிதந்து திரியும்.

"ஓரமா இருந்துட்டுப் போ. காலை நீட்டின, புளிப்பை எடுத்து மேல ஊத்திருவோம்" என்பார்கள் தயிர்க்காரிகள்.

"நான் எங்கத்தா நீட்டப் போறேன், எனக்கு ஏது காலு?" என்று சிரிக்கும் பூஞ்சை.

அது நிஜம். அப்போது அதற்குக் கால் இல்லை.

ஒரு பெரிய குளத்தங்கரையில் செம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். பாய்க்குக் கோரை அறுக்கிற வேலை. விடிந்ததும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் ஏறுவாள். நாளெல்லாம் ஈரத்துணி. மேலெல்லாம் குளத்து வாடை. அந்த வாடை உள்ளேயும் இருக்குமோ என்று அவளுக்கு ஒரு பயம். துணி வெளுக்கிற உவர்மண்ணைக் கரைத்துக் காலையிலும் மாலையிலும் உள்ளே விட்டுக் கழுவினாள். சுத்தமாய் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள், பாவம். காவலுக்கு இருந்த தயிர்க்காரிகள் எல்லாரும் அந்தத் தண்ணீரோடு போய்விட்டார்கள்.

வெண்பூஞ்சை நாலு பக்கமும் பார்த்தது. அதட்ட ஆள் இல்லை. உருண்டையில் ஒரு முளை விட்டது. முளை நீண்டது. அதுதான் அதற்கு முளைத்த முதல் கால். அந்தக் காலைச் செம்பாயியின் சதைக்குள் ஊன்றியது.

அரிப்பு என்றால் அப்படி ஓர் அரிப்பு. ஒன்றுக்குப் போனால் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிச்சல். திரிந்த பாலைப் போல வெள்ளை வெள்ளையாய்ப் பட்டது. புருசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே எழுந்து போனாள்.

"என்னைக் கண்டா உனக்குப் பேயைக் கண்ட மாதிரி இருக்கா?" என்று அவன் சோற்றை வைத்துவிட்டு எழுந்தான். அவள் அந்தச் சோற்றை மூடி வைத்தாள்.

ரெண்டு ஊர் தள்ளி ஒரு மருத்துவச்சி இருந்தாள். கோரைக்கட்டு விற்கப் போகிற சாக்கில் செம்பாயி அவளிடம் போனாள்.

"இடுப்பு வலி ஆத்தா."

"இடுப்பு வலிக்காரி இப்படித் தொடையை இடுக்கிக்கிட்டு உக்கார மாட்டா. எங்க அரிக்குது, வாயைத் திறந்து சொல்லு."

செம்பாயி சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். மருத்துவச்சி முதலில் உவர்மண்ணை நிறுத்தச் சொன்னாள். அப்புறம் உள்ளே போய், கைப்பு வேரை அரைத்து, அதில் பஞ்சுத்திரி ஏழு தோய்த்து ஓலைக்கொட்டானில் போட்டுக் கொடுத்தாள்.

"இந்த வேர்கிட்ட நான் ஒரு வாக்கு வாங்கியிருக்கேன். முதல் தடவையே ஏழு நாளும் விடாம ஒருத்தி வெச்சு முடிச்சாப் போதும். பூஞ்சை உன்னை மட்டுமில்லை, நம்ம பொம்பளை இனத்தையே விட்டுப் போயிரும். நீதான் முதல்ல வந்திருக்க. தெனம் ஒன்னு. மூணாம் நாள் அரிப்பு நின்னுரும். அதை நம்பிராத. முதல் மூணு திரி உனக்கு, பாக்கி நாலும் உள்ள ஒளிஞ்சிருக்கிற பூஞ்சைக்கு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஆத்தா."

முதல் நாள் திரியில் பூஞ்சைகள் கூட்டம் கூட்டமாய்ச் செத்தன. இரண்டாம் நாள் ஊன்றின கால்கள் அற்று விழுந்தன. மூன்றாம் நாள் முடிந்தபோது மூன்றே மூன்றுதான் மிச்சம். அவையும் ஒரு மடிப்பில் ஒண்டிக்கொண்டு நாலாவது திரி எப்போது வரும் என்று நடுங்கிக்கொண்டிருந்தன.

செம்பாயிக்கு அரிப்பு நின்றுவிட்டது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். புருசனுக்குக் கெண்டைக் குழம்பு வைத்து ஊற்றினாள்.

நாலாம் நாள் காலையில் கோரைக்கட்டுகளுக்குப் பின்னால் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அவள் ஓரகத்தி நல்லக்காள், கொழுந்தன் பெண்டாட்டி. சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். செம்பாயிக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த உட்காருகிற விதம் அவளுக்குத் தெரியும்.

"எத்தனை நாளா புள்ள?"

"பங்குனியிலிருந்து அக்கா."

"அட பாவி மவளே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? மருத்துவச்சிகிட்ட வா, நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஐயோ வேணாம். அவ வாசல்ல நின்னாலே எதுக்கு நின்னான்னு ஊரே கேக்கும். எங்க வீட்டு ஆளு காதுல விழுந்தா, எவன்கிட்டப் போயி இந்த நோவை வாங்கியாந்தேன்னு கேப்பாரு. அரிச்சே செத்தாலும் சாவேன், அங்க வர மாட்டேன்."

செம்பாயி அவள் பக்கத்தில் குந்தினாள். பிறகு மடியிலிருந்த ஓலைக்கொட்டானை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இந்தா, நாலு இருக்கு. தெனம் ஒன்னு வை. யாருக்கும் தெரியாது."

"உனக்கு?"

"எனக்குத்தான் சரியாப் போச்சே."

"மருத்துவச்சி எத்தனை நாளுன்னா?"

"ஏழுன்னா. எனக்கு மூணுலயே நின்னுருச்சு. உனக்கு நாலு இருக்கு, ஒன்னு கூடத்தான். வாங்கிக்க."

இரக்கத்தில் செய்ததுதான். கெட்ட எண்ணத்தில் ஒரு துளிகூட இல்லை. ஆனாலும் எல்லாம் அந்த இடத்தில்தான் கெட்டது.

அன்றைக்குத் திரி வரவில்லை. மூன்று பூஞ்சைகளும் மெல்லத் தலையைத் தூக்கின. செம்பாயி துணி துவைக்கக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் படியில் பச்சைப் பாசி வழவழவென்று படர்ந்திருந்தது.

"யாரு உள்ள அழுகிறது?" என்றது பாசி.

"நாங்கதான். எங்க கூட்டமே செத்துப் போச்சு. இனி ஒரு திரி வந்தா நாங்களும் இல்லை."

"எப்படி இருந்தீங்க?"

"தனித்தனியா மிதந்துகிட்டு."

"அதான் செத்தீங்க. என்னைப் பாருங்க. இந்தப் பொம்பளைங்க தெனம் தென்னம்மட்டையை வெச்சுத் தேய்க்கிறாளுங்க. அலை வேற அடிக்குது. போயிட்டேனா? முதல்ல ஒரு இடத்துல ஒட்டுங்க. ஒட்டினதும் ஒருத்தியை ஒருத்தி பிடிச்சுக்குங்க. அப்புறம் உங்க உடம்பிலிருந்தே கோந்து மாதிரி ஒன்னைக் கசியவிட்டு, மேல மதிலா மூடிக்குங்க. தேய்ச்சா மேல் தோலுதான் போகும்."

"மருந்து மதிலுக்குள்ளயும் ஊறி வந்தா?"

பாசி குரலைத் தாழ்த்தியது. "நடு அறையில ஒருத்தியைத் தூங்க வைங்க. அவ தின்னக் கூடாது, வளரக் கூடாது, பெருமூச்சுகூட விடக் கூடாது. மருந்து வளர்றவளைத்தான் தேடிக் கொல்லும். தூங்குறவ அது கண்ணுக்குப் படமாட்டா. மருந்து ஓஞ்சு போனதும் அவளை எழுப்புங்க. அவ ஒருத்தியே போதும்."

மூன்று பூஞ்சைகளும் அப்படியே செய்தன. சேதி அந்த இனம் முழுக்கப் பரவ எத்தனை நேரம் ஆகும்? நல்லக்காள் உடம்பில் நாலு திரிக்கும் தப்பியதுகளும் ஒட்டிக்கொண்டு கசிய ஆரம்பித்தன.

ஒரு மாதம் போனது. செம்பாயிக்குத் தீட்டு வருவதற்கு முந்தின நாள் பழைய அரிப்பு வந்தது. மறுவாரம் நல்லக்காளுக்கும் வந்தது. இந்தத் தடவை வெட்கம் பார்க்க அவளுக்கும் தெம்பு இல்லை. இருவரும் சேர்ந்தே மருத்துவச்சி வாசலில் போய் நின்றார்கள்.

"ஏழும் வெச்சியா?" என்றாள் மருத்துவச்சி.

செம்பாயி தலையைக் குனிந்தாள். மருத்துவச்சி நல்லக்காளைப் பார்த்தாள், அவள் கையிலிருந்த ஓலைக்கொட்டானைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலையாய் இருந்திருக்கும். மிச்சமிருந்த வேரை எல்லாம் அரைத்து, ஆளுக்கு ஏழு திரி கொடுத்தாள்.

இந்தத் தடவை இருவரும் ஒரு நாளும் விடவில்லை.

மருந்து உள்ளே போய்த் தட்டியது. "கதவைத் திற."

கதவு திறக்கவில்லை. மதில்மேல் காவல் நின்ற பூஞ்சைகள் செத்து விழுந்தன. செத்த உடம்பும் மதிலோடு ஒட்டி, மதில் இன்னும் தடித்தது. மருந்தின் கைப்பில் பாதியைக் கோந்தே குடித்துவிட்டது. தப்பி உள்ளே நுழைந்த மீதியைப் பூஞ்சைகள் வாய் நிறைய வாங்கி வெளியே துப்பின. நடு அறையில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் மருந்து மருத்துவச்சியிடம் திரும்பி வந்தது. வேப்பம்பூ அளவுகூட அதில் கைப்பு இல்லை.

"தட்டித் தட்டியே நான் தீர்ந்து போனேன் தாயே. உள்ள ஒருத்தி தூங்குறா. தூங்குறவளைக் கொல்ல எனக்குத் தெரியாது. முதல்ல மதிலை இடிக்க ஆள் அனுப்பு, அப்புறம் என்னை அனுப்பு."

"மதிலை இடிக்கிறவன் யாரு?"

மருந்துக்குத் தெரியவில்லை. அது பேசின கடைசிப் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு எந்த மருந்தும் உள்ளே போய்ப் பார்த்ததை வெளியே வந்து சொன்னதில்லை. அந்த வேரும் அப்புறம் எங்கும் முளைக்கவில்லை.

அடுத்த தீட்டுக்கு முன்னால் இருவருக்கும் மறுபடி வந்தது. குளத்துப் படியில் பக்கம் பக்கமாய் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் அதை வாங்கியிருக்கக் கூடாதுக்கா."

"நீ கேக்கலையே புள்ள. நானாத்தானே குடுத்தேன்."

நல்லக்காள் நகர்ந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள். அவர்கள் காலடியில் பாசி வழவழவென்று கிடந்தது.

அன்று பிடித்ததுதான், மருந்து வைத்தால் அடங்குவதும் விட்டால் சில பெண்களுக்கு மறுபடி மறுபடி வருவதும். மருந்து கொடுக்கிறவர்கள் எல்லாரும் நாளை விரல் விட்டு இரண்டு தடவை எண்ணிச் சொல்வதும், நின்றுவிட்டது என்று பாதியில் விடாதே என்று கெஞ்சுவதும் அன்றிலிருந்துதான். மதிலை இடிக்கிறவனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நடு அறைக்காரி இன்னும் தூங்குகிறாள்.