புதுக் காரின் நிழல்

தணிகாசலம் முதலாளியின் ஆளில்லா விமானம் சோதனையில் ரெண்டு தடவை விழுந்து நொறுங்கியது. ரெண்டாம் தடவை கீழே மேய்ந்த மாடு ஒன்று செத்தது. மூன்றாம் சோதனைக்குப் பணம் போடுகிறவர்கள் வந்திருந்தார்கள்.

"இது மனுஷத் தலையைக் கண்டா தானா விலகிடும்!" என்ற முதலாளி, மைதானம் கூட்டும் செவத்தியாளை நடுவில் போய் நிற்கச் சொன்னார்.

நின்றால் அவள் உயிர் போகலாம். மறுத்தால் வேலை போகும்.

"நிக்கிறேங்க ஐயா. வெயில்தான் தாங்கல. உங்க காரைப் பக்கத்துல விட்டா, அந்த நிழல்ல நிப்பேன். என் தலையைக் கண்டுதான் விலகிடுமே."

பூஜை போட்ட கார். சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சை இன்னும் காயவில்லை.

"ஐயோ, புதுக் காரு! மேல விழுந்துட்டா?" என்று பதறிய முதலாளி, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

வந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். "யாரும் நிக்க வேண்டாம், பறக்க விடுங்க," என்றார் ஒருவர்.

விமானம் எழும்பி, தலைக்கு மேல் ஒருமுறை உறுமியது. எல்லோரும் குனிந்தார்கள். அது நேராக மைதானத்தின் நடுவில் வந்து குத்தி எரிந்தது.

செவத்தியாள் துடைப்பத்தை எடுத்தாள்.

"காருக்கு ஒண்ணும் ஆகலீங்க ஐயா," என்றாள்.