ஜப்பான் கவசத்துக்கு முடிச்சுப் போட்டவர்

போன ஆவணியில் ஆவுடையப்பனின் சம்பந்தி உட்கார்ந்ததும் நாடாக் கட்டில் பொத்துக்கொண்டது. அன்று கோபித்துக்கொண்டு போனவர் எட்டு மாதமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இன்று ஐந்து மணி பஸ்ஸில் வருகிறார். இப்போது மணி மூன்றேகால். அதற்குள் கட்டிலின் குறுக்கே இருபத்திரண்டு நாடா ஓட வேண்டும். ஆவுடையப்பன் எண்ணிப் பார்த்தார், ஒன்பதுதான் ஓடியிருந்தது.

கட்டில் பின்ன வந்த கோயில்பிச்சைக்கு நாலு மணி தாண்டியும் வாய் மட்டும் நிற்கவில்லை.

"கப்பல்ல கயிறு கட்டுற வேலைக்குப் போயி ஜப்பான்ல எறங்கினேன்னு சொன்னேன்லா அண்ணாச்சி? அங்க ஒரு பெரிய வீட்டுல நானூறு வருசத்துப் போர்க்கவசம். எட்டாயிரம் இரும்புத் தகடு, பட்டுக் கயித்துல கோத்தது. கயிறெல்லாம் மக்கிப்போச்சு. சோறு ஆறுறதுக்குள்ள அத்தனையும் புதுசாக் கோத்துட்டேன்."

"காலையில ஆறாயிரம்னீரே வே," என்றார் ஆவுடையப்பன் மெதுவாக.

"அது நெஞ்சுப் பக்கம். முதுகு தனி! கடைசி முடிச்சை இழுத்தேன் பாருங்க, அந்த விறைப்புல கவசம் தானா எந்திரிச்சு எனக்கு ஒரு கும்பிடு போட்டுது. நேரா போயி பஸ்ல ஏறிட்டுது. கண்டக்டர் டிக்கெட் கேட்டா, 'உள்ள ஆளே இல்ல, யாருக்கு டிக்கெட்?'னு கேக்கு!"

"வாய் ஓடுறதுல பாதி கை ஓடினா கட்டில் முடிஞ்சிருக்கும்," என்றாள் அடுப்படியிலிருந்து ஆவுடையப்பன் மனைவி கோமதி.

"தலைக்கவசத்தை விட்டுட்டேனே மைனி! நெத்தியில பித்தளைப் பிறை. புளி போட்டுத் தேய்ச்சேன். ராத்திரி வானத்துல ஒரு நிலா, தெருவுல ஒரு நிலா. எது நிசம்னு தெரியாம கடல் ரெண்டு தடவை பொங்கிட்டுது. எங்க கப்பல் காய்கறிச் சந்தையில போயி நிக்கு! முள்ளங்கிக் குவியல்லதான் நங்கூரம் போட்டோம்."

ஆவுடையப்பனுக்குச் சிரிப்புப் பொங்கியது. சிரித்ததில் எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிப் பதினேழுக்கு வந்தபோது வாசலில் ஒரு செருமல். சம்பந்தி நாலு மணி பஸ்ஸிலேயே வந்து, கவசம் கும்பிட்டதிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்!

நாடாவுக்கு விறைப்பு ஏற்றவில்லை என்று சொல்ல ஆவுடையப்பன் வாயெடுப்பதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். கட்டில் மெல்ல மெல்ல இறங்கியது. நாடா ஒன்றுகூட அறவில்லை. ஆனால் சம்பந்தி தரையில் இருந்தார். முழங்கால் இரண்டும் காதருகே இருந்தன.

கோயில்பிச்சை அசரவில்லை.

"ஜப்பான்ல எல்லாரும் தரையிலதான் படுப்பாங்க ஐயா. இது அந்த அளவு."

சம்பந்தி கையை நீட்டினார். "முதல்ல தூக்கி விடும். அடுத்த மாசம் நான் வரும்போது அந்தக் கவசத்தை அனுப்பி வையும். விழுந்தாலும் அடிபடாது, பஸ்ஸுல டிக்கெட்டும் வேண்டாம்."