எழுந்திருக்காமல் ஒரு மணி நேரம்

மலையடிவாரத்து மடத்தில் தங்க ஒரே ஒரு விதிதான். விடிகாலையில் ஒரு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார வேண்டும். பழகிக்கொள்ள மூன்று நாள் தவணை. முடியாதவர்கள் ஊருக்குத் திரும்பிவிடலாம்.

சபாபதி வந்த முதல் நாளே உட்கார்ந்துவிட்டார். தாலுகா ஆபீஸில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். குரு நீலாம்பிகை அவரைவிடப் பத்து வயது சின்னவர். அவர் வாயால் "நல்லா உட்கார்றீங்க" என்று கேட்டதில் சபாபதிக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இப்போது சபாபதியின் அக்கா வடிவாம்பாள் வந்திருந்தார். அவர் இருந்த வீட்டை அண்ணன் மகன் விற்றுவிட்டான். அப்பா படுத்த படுக்கையான வருஷம் டீச்சர் வேலையை விட்டவர். அப்புறம் அம்மா படுத்தாள், கல்யாணமும் நடக்கவில்லை. தம்பிக்கு பென்ஷன் வருகிறது, அக்காவுக்கு முழங்கால் வலி வருகிறது. இந்த மடத்தை விட்டால் அவருக்குப் போக இடமில்லை.

முதல் நாள் அடுக்களையில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. வடிவாம்பாள் எழுந்துவிட்டார். இரண்டாம் நாள் பக்கத்து அறையில் நோயாளி ஒருவர் இருமினார். வெந்நீரோடு போய் நின்றார்.

"ஏன்க்கா எழுந்திருக்கறே?" என்று கேட்டார் சபாபதி.

"தெரியலை தம்பி. எழுந்த பிறகுதான் எழுந்ததே தெரியுது. நாளைக்கும் எழுந்துட்டா எங்கே போவேன்?"

சபாபதி குருவிடம் போனார்.

"அம்மா, ஒரே வயித்துல பிறந்தோம். ஒரே சோறு தின்னு வளர்ந்தோம். எனக்கு வர்றது அவளுக்கு ஏன் வரலை?"

"நாளைக்கு நீங்க உட்கார வேண்டாம். அடுப்பு, வாசல், அந்த நோயாளி, எல்லாம் உங்க பொறுப்பு. அக்காகிட்டயும் சொல்லிடுங்க."

"நான் கேட்டதுக்கு..."

"நாளைக்கு."

மறுநாள் வடிவாம்பாள் ஒரு கையைத் தரையில் ஊன்றியபடியே உட்கார்ந்தார். பால் பொங்கியது. உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. தம்பி அடுக்களைக்கு ஓடும் சத்தம் கேட்டதும் நிதானித்துக்கொண்டார்.

இருமல் கேட்டது. சபாபதி வெந்நீரைக் கையில் கொட்டிக்கொண்டு ஓடினார். வாசலில் கீரைக்காரர் கூப்பிட்டார். அங்கேயும் ஓடினார். போகும்போதெல்லாம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். இப்போது எழுந்துவிடுவாளோ, இப்போது எழுந்துவிடுவாளோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடைசியில் மணி அடித்தது. வடிவாம்பாள் கண்ணைத் திறந்தார். கன்னம் நனைந்திருந்தது. கை இன்னும் தரையில்தான் இருந்தது.

"முடிஞ்சுதா தம்பி? நான் எழுந்திருக்கலையே?"

"இல்லைக்கா."

சபாபதிக்கு மூச்சு வாங்கியது. குருவிடம் திரும்பினார்.

"இன்னிக்கு மட்டும் எப்படிம்மா உட்கார்ந்தா?"

குரு அவருடைய சிவந்துபோன கையைப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா நீங்க எப்படி உட்கார்ந்தீங்களோ, அப்படித்தான்."